வெள்ளெலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வத்தலக்குண்டு வட்டாரத்தில் எலிகளும் நஞ்சை, புஞ்சை என்று பிரிந்துதான் குடியிருக்கின்றன. மஞ்சளாறும் மருதாநதியும் பாய்கிற வயல்களில் வரப்பைக் குடைவது வரப்பெலி. முரட்டு மயிரும் மொண்ணை மூஞ்சியும் கொண்ட இந்த எலி தோண்டிய மண்ணை வளை வாயில் குவித்து வாசலையே மூடிவிடும். அந்தக் குவியல் ஈரமாக, புதிதாக இருந்தால் எலி உள்ளே இருக்கிறது என்று விவசாயிகள் கணித்துவிடுவார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளறையில் நெற்கதிர்கள் கத்தரித்து அடுக்கியிருக்கும்.

தண்ணீர் எட்டாத செம்மண் மானாவாரியில் இருப்பது வெள்ளெலி. மணல் நிற முதுகு, வெளுத்த வயிறு, பெரிய கண்கள், உடம்பைவிட நீண்ட வால், அதன் நுனியில் கருத்த குஞ்சம். பின்னங்கால்கள் நீளமானவை என்பதால் துள்ளியும் ஓடும். பகலெல்லாம் வளைக்குள் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே வந்து விதை, வேர், பூச்சி என்று கிடைத்ததைத் தின்கிறது.

வரப்பெலிக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது. வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது, கடிக்கிற நெல் தண்டிலும் சாறு இருக்கிறது. நன்றாக நீந்தவும் தெரியும். வெள்ளெலியின் நிலைமை அப்படி இல்லை. பங்குனி, சித்திரையில் புஞ்சை நிலத்தில் புல்லெல்லாம் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கும். தின்னக் கிடைப்பது பெரும்பாலும் உலர்ந்த விதைதான். அப்படியும் அது பிழைத்துக் குட்டி போட்டு வளர்க்கிறது. அதன் சிறுநீரகமும் அதன் வளையும் கூட்டாக நடத்துகிற வேலை இது. ஒன்றை மட்டும் பார்த்தால் கணக்கு நேராகாது.

விதைக்குள் இருக்கும் தண்ணீர்

உலர்ந்த தானியத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது. உடம்பு அந்த மாவுச்சத்தை எரித்துச் சக்தி எடுக்கும்போது ஹைட்ரஜன் மூச்சில் வந்த ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. 100 கிராம் மாவுச்சத்து எரிந்தால் ஏறத்தாழ 56 கிராம் தண்ணீர் பிறக்கும். கொழுப்பாக இருந்தால் எரிந்த எடையைவிடச் சற்று அதிகமாகவே கிடைக்கும். இதை வளர்சிதை நீர் என்பார்கள். நம் உடம்பிலும் இது தினமும் உண்டாகிறது. ஆனால் நாம் இழக்கிற தண்ணீருக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

இந்தத் தண்ணீரை மட்டும் வைத்து ஒரு பாலூட்டி வாழ முடியுமா என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் நட் ஷ்மித்-நீல்சன், போடில் ஷ்மித்-நீல்சன் தம்பதியர். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வளை தோண்டி வாழும் கங்காரு எலியை அவர்கள் ஆராய்ந்தார்கள். அது வெள்ளெலிக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. ஆனாலும் நீண்ட பின்னங்கால், குஞ்ச வால், விதைத் தீனி, பகல் முழுக்க வளை என்று வாழ்க்கை முறை ஒன்றே.

அவர்கள் போட்ட வரவு செலவுக் கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. கங்காரு எலி சில வாரங்களில் 100 கிராம் வாற்கோதுமை தின்கிறது. அதை எரிப்பதால் கிடைக்கும் தண்ணீர் 54 கிராம். தானியம் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருந்த ஈரம் 6 கிராம். ஆக மொத்த வரவு 60 கிராம். செலவில் சிறுநீருக்கு 13.5 கிராம், புழுக்கைக்கு 2.6 கிராம், மூச்சிலும் தோலிலும் ஆவியாகப் போவது 43.9 கிராம். கூட்டினால் அதே 60.

சிறுநீரில் போவது கால் பங்குகூட இல்லை, ஏறத்தாழ முக்கால் பங்கு காற்றில் போகிறது. சிறுநீரகம் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் மூச்சில் போகிற ஈரத்தை அதனால் நிறுத்த முடியாது. அதை நிறுத்துவது வளையின் வேலை. முதலில் சிறுநீரகத்தின் பங்கைப் பார்ப்போம்.

நீளத்தில் இருக்கிறது சூட்சுமம்

மனிதனின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மீதி அத்தனையும் இரத்தத்துக்கே திரும்புகிறது. வடித்தெடுப்பதைவிடத் திரும்ப வாங்குவதில்தான் திறமை இருக்கிறது.

சிறுநீரகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பகுதிகள் கண்ணுக்கே தெரியும். வெளியே கருஞ்சிவப்பாக இருப்பது புறணி, உள்ளே வெளிர் நிறத்தில் கோடுகளோடு இருப்பது அகணி. வடிகட்டும் முடிச்சுகள் புறணியில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் நுண்குழல் அகணிக்குள் நேராக இறங்கி, ஊசிக்கொண்டை போல் திரும்பி, மறுபடி புறணிக்கே ஏறிவிடுகிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யாக்கோப் ஹென்லே 1862இல் இதை விவரித்ததால் இதற்கு ஹென்லே வளைவு என்று பெயர்.

இறங்குகிற குழலின் சுவர் தண்ணீரை வெளியே விடும். ஏறுகிற குழலின் சுவர் தண்ணீரை விடாது. ஆனால் அதன் செல்கள் உப்பை வெளியே இறைத்துத் தள்ளும். அப்படித் தள்ளிய உப்பு சுற்றியுள்ள திசுவில் சேர்கிறது. அந்த உப்பு இறங்கும் குழலிலிருந்து தண்ணீரை வாங்குகிறது. குழலில் மிஞ்சிய செறிந்த திரவம் திரும்பி மேலேறும்போது மேலும் உப்பு இறைக்கப்படுகிறது. ஓரிடத்தில் செல்களால் உண்டாக்க முடிகிற செறிவு வேறுபாடு சுமார் 200 மில்லிஆஸ்மோல்தான். திரவத்தில் கரைந்துள்ள துகள்களின் அளவைச் சொல்லும் அலகு இது, நம் இரத்தத்தில் அது 300ஐ ஒட்டியிருக்கும்.

வெறும் 200இலிருந்து ஆயிரக்கணக்கில் எப்படி எட்டுகிறது? கிணறு வெட்டும்போது ஆட்கள் படிப்படியாக நின்று மண்கூடையைக் கைமாற்றி மேலேற்றுவார்களே, அந்த மாதிரிதான். ஒவ்வொருவர் தூக்குவதும் ஓராள் உயரம்தான். ஆட்களைக் கூட்டினால் எந்த ஆழத்து மண்ணும் மேலே வந்துவிடும். வளைவு நெடுகிலும் இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு உப்பைத் தள்ள, எதிரெதிராக ஓடும் ஓட்டம் அந்தச் சிறிதைப் பெருக்கி, அகணியின் அடிநுனியில் கடும் உப்புச் செறிவை உண்டாக்குகிறது. எதிரோட்டப் பெருக்கம் என்ற இந்தக் கொள்கையை முன்வைத்தவர் வெர்னர் குன் என்ற வேதியியலாளர்.

சிறுநீர் கடைசியாக இறங்கும் சேகரிப்புக் குழல் இந்த உப்பு நிறைந்த பகுதி வழியாகத்தான் போயாக வேண்டும். உடம்பில் தண்ணீர் குறையும்போது மூளையிலிருந்து வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே குழல் சுவரில் அக்வாபோரின் என்ற புரத வாசல்கள் திறக்கும். சுற்றியிருக்கும் உப்பு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கெட்டியான சிறுநீர் மட்டும் கீழே இறங்கும். இந்தத் தண்ணீர் வாசல்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அரை லிட்டரும் 110 மில்லியும்

மனிதச் சிறுநீரகத்தின் உச்சச் செறிவு லிட்டருக்குச் சுமார் 1,200 மில்லிஆஸ்மோல். சாதாரண உணவு உண்பவர் ஒரு நாளில் வெளியேற்ற வேண்டிய யூரியாவும் உப்பும் சுமார் 600 மில்லிஆஸ்மோல். ஆகவே எவ்வளவு தாகத்தில் தவித்தாலும் தினமும் அரை லிட்டர் தண்ணீரையாவது சிறுநீருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கங்காரு எலியின் உச்சச் செறிவு சுமார் 5,500. நமது கழிவை அதன் சிறுநீரகத்திடம் ஒப்படைத்தால் 110 மில்லியில் முடித்துவிடும்.

ஷ்மித்-நீல்சன்கள் அந்த எலிக்கு ஒரு கடுமையான சோதனை வைத்தார்கள். புரதம் மிகுந்த சோயா மொச்சையைத் தீனியாகக் கொடுத்தார்கள். புரதம் கூடினால் யூரியா கூடும், அதைக் கழுவத் தண்ணீர் வேண்டும், ஆகவே கங்காரு எலியும் தவித்தது. அப்போது குடிக்கக் கடல்நீர் வைக்கப்பட்டது. நாம் குடித்தால் உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாகி உயிருக்கே ஆபத்தாகும். கங்காரு எலி அதைக் குடித்துப் பிழைத்துக்கொண்டது. கடல்நீரைவிடப் பல மடங்கு செறிந்த சிறுநீரை உண்டாக்கும் சிறுநீரகத்துக்குக் கடல்நீரும் குடிநீரே.

இந்தத் திறமை சிறுநீரகத்தின் உருவத்திலேயே தெரியும். 1961இல் போடில் ஷ்மித்-நீல்சனும் ராபர்ட்டா ஓடெல்லும் பல பாலூட்டிகளின் அகணித் தடிமனைச் சிறுநீரகத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பட்டியலிட்டார்கள். தண்ணீரிலேயே வாழும் பீவருக்கு அந்த எண் 1.3, அதன் சிறுநீர்ச் செறிவு சுமார் 520தான். மனிதனுக்கு 3.0. வெள்ளை ஆய்வக எலிக்கு 5.8, செறிவு 2,900. கங்காரு எலிக்கு 8.5. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பாலைநிலங்களின் கொழுத்த மணலெலிக்கு 10.7, செறிவு 6,000க்கு மேல். இந்த மணலெலியும் நம் வெள்ளெலியும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாலை எலிகளில் அகணியின் நுனி அப்படியே நீண்டு, சிறுநீரகத்தைத் தாண்டிச் சிறுநீர்க்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளைக்குள் வாழும் துள்ளெலி ஒன்றின் சிறுநீர் 9,000 மில்லிஆஸ்மோலையும் தாண்டியதை 1967இல் அளந்திருக்கிறார்கள்.

நீளம் மட்டுமே போதும் என்றால் குதிரைதான் முதலில் நிற்க வேண்டும், அதன் ஹென்லே வளைவு எலியினதைவிட எவ்வளவோ நீளம். ஆனால் செறிவில் எலிதான் மேல். சிற்றுயிர்களின் செல்கள் எடைக்கு எடை வேகமாக எரிசக்தி செலவிடுபவை, உப்பை இறைக்கும் வேகமும் அவற்றில் அதிகம். உடலளவுக்குப் பொருந்திய நீளமும் செல்களின் உழைப்பும் சேர வேண்டும்.

இந்தியாவில் பாலை எலி ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டது ராஜஸ்தானின் ஜோத்பூரில் 1959இல் உருவான மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம். ஈஷ்வர் பிரகாஷ், புலக் கோஷ் ஆகியோர் தார் பாலைவனத்துக் கொறிணிகளின் வாழ்க்கையையும் நீர்ச் சிக்கனத்தையும் அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தார் முதல் தென்கோடித் தமிழகம் வரை பரவியிருக்கும் வெள்ளெலியும் அவர்கள் கவனித்த உயிர்களில் ஒன்று.

வளையின் பங்கு

இனி அந்த 43.9 கிராமுக்கு வருவோம். சித்திரை வெயிலில் வெடித்த மண்ணுக்கு மேலே காற்று அனலாக வீசும். இரண்டு முழம் கீழே அந்த வெப்பம் எட்டுவதில்லை. அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே படுத்திருக்கும் எலியின் மூச்சாலும் மண்ணின் ஈரத்தாலும் காற்று ஈரப்பதமாகவே இருக்கும். ஈரக்காற்றை இழுத்தால் நுரையீரலிலிருந்து ஆவியாக வேண்டிய தண்ணீர் குறையும். குளிர்ந்த இடத்தில் உடம்பை ஆற்றத் தண்ணீரைச் செலவழிக்கவும் வேண்டாம். எலிகளுக்கு நம்மைப் போல உடம்பெங்கும் வேர்வைச் சுரப்பி கிடையாது, வெயிலில் மாட்டிக்கொண்டால் அவற்றால் நெடுநேரம் தாங்க முடியாது.

மூக்கும் உதவுகிறது. உள்ளே போகும் உலர்காற்று நாசியின் குறுகிய சுவர்களை ஈரம் வாங்கிக் குளிர்விக்கிறது. வெளியேறும் மூச்சு அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு, தன் ஈரத்தில் ஒரு பகுதியை அங்கேயே விட்டுச் செல்கிறது. வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதைகளும் அங்குள்ள காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. மூச்சில் போன தண்ணீரில் கொஞ்சம் தீனி வழியாகத் திரும்பி வருகிறது.

வளை எந்த அளவுக்குச் சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கிறது என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் மயிரற்ற அகழெலி சாட்சி. வாழ்நாள் முழுக்க மண்ணுக்கடியில், ஈரக்காற்றில், கிழங்கைத் தின்று வாழும் இந்த உயிர் தண்ணீரே குடிப்பதில்லை. அப்படியானால் அதன் சிறுநீரகம் கங்காரு எலியை மிஞ்ச வேண்டும் அல்லவா? அதன் செறிவுத் திறனோ ஆய்வக எலியைவிடக் குறைவு. கிழங்கில் தண்ணீர் இருக்கிறது, வளைக்காற்று ஈரத்தைக் காக்கிறது, அதற்கு மேல் சிக்கனம் தேவைப்படவில்லை. மண்ணுக்கடியில் பதுங்கினாலும் காய்ந்த நிலத்தில் உலர்ந்த விதையைத் தேடி இரவெல்லாம் வெளியே அலைகிற எலிக்குத்தான் நீண்ட அகணி வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தை நீட்டியது தீனியும் அதைத் தேடும் நிலமும், நீட்டும் தேவையைக் குறைத்தது வளை.

மழை பெய்தால் மூச்சு முட்டும்

வளை பாதுகாப்பான இடம்தான், ஆனால் காற்றோட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்ணின் துளைகள் தண்ணீரால் அடைபடும்போது நிலைமை மோசமாகும். இஸ்ரேலின் களிமண் நிலத்தில் வாழும் குருட்டு அகழெலியின் வளைகளில் மழைக்குப் பிறகு அளந்தபோது ஆக்சிஜன் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு இறங்கியும், கரியமில வாயு 6 சதவீதத்துக்கு ஏறியும் இருந்தது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கரியமில வாயு 0.04 சதவீதம்.

கரியமில வாயு இரத்தத்தில் கரைந்தால் அமிலமாகும். நுரையீரலால் அதை வெளியேற்ற முடியாதபோது சுமை சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. சிறுநீரகக் குழல்கள் அமிலத்தை அம்மோனியமாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிட்டு, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டை இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. இது உடனே முடியும் காரியம் அல்ல, சில நாட்கள் பிடிக்கும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் சிறுநீரகமும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடித்துச் சொல்வதும் சிறுநீரகம்தான். அங்குள்ள சில செல்கள் ஆக்சிஜன் குறைந்தால் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பு மச்சைக்குப் போய்ச் சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கச் செய்யும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளி உள்ள வீடுகளில் இந்தப் பெயர் பழக்கமானது. சிறுநீரகம் பழுதானால் இந்தச் சுரப்பு நின்று இரத்தசோகை வரும், அதனால்தான் அவர்களுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். ஆக்சிஜன் குறைவைச் செல்கள் உணரும் வழியைக் கண்டறிந்ததற்காகக் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவரும் 2019இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். ஹைஃபா பல்கலைக்கழகத்தில் எவியத்தார் நேவோ குழுவினர் ஆராய்ந்தபோது, ஆக்சிஜன் குறைந்த சூழலில் குருட்டு அகழெலியின் சிறுநீரகம் சாதாரண எலியைவிட வலுவாக இந்த ஹார்மோனை உண்டாக்குவது தெரிந்தது.

வரப்பில் நிற்பவர் கவனத்துக்கு

எலியின் சிறுநீரகத்தில் நம் உழவர்களைத் தொடுகிற இன்னொரு விஷயம் இருக்கிறது. லெப்டோஸ்பைரா என்ற சுருள் நுண்ணுயிரி எலியின் சிறுநீரகக் குழல்களில் ஒட்டிக் குடியிருக்கும். எலிக்கு நோய் வராது, ஆனால் அதன் சிறுநீரில் மாதக்கணக்கில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். உலர்ந்த மண்ணில் அது சீக்கிரம் செத்துவிடும், ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நஞ்சை வரப்பெலியின் வளை அருகில் வெறுங்காலோடு நாற்று நடுகிறவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். காலில் உள்ள சேற்றுப்புண், சிராய்ப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் என்று தொடங்கும் இந்த எலிக்காய்ச்சல் முற்றினால் மஞ்சள் காமாலையிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கொண்டுபோய் விடலாம். ஆரம்பத்திலேயே கண்டால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தே குணப்படுத்தும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், வயல் வேலை பார்த்ததை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெயிலும் அதே அளவு முக்கியம். சித்திரை நடுப்பகலில் வெள்ளெலி வெளியே தலைகாட்டுவதில்லை. நம்மைவிடப் பல மடங்கு சிக்கனமான சிறுநீரகம் உள்ள உயிர்கூட அந்த நேரத்தை வளையில்தான் கழிக்கிறது. அதே நேரத்தில் களத்திலும் செங்கல் சூளையிலும் நிற்பது 1,200ஐத் தாண்ட முடியாத சிறுநீரகம் கொண்ட மனிதர்கள். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்வையாகப் போகலாம். நாள் தவறாமல் இப்படித் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சேதமாகிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் செய்த ஆய்வும் இந்த ஆபத்தைக் காட்டியிருக்கிறது. பெண்கள் பலர் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வெள்ளெலி பிழைப்பது நல்ல சிறுநீரகத்தால் மட்டும் இல்லை, வெயிலுக்கு ஒதுங்க ஓர் இடம் இருப்பதாலும்தான். மனிதச் சிறுநீரகத்தை நீட்டிக்க யாராலும் முடியாது. ஒதுங்க நிழல், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு மறைப்பு, பதினொரு மணிக்கு மேல் ஓய்வு கொடுத்து வெயில் தாழ்ந்தபின் வேலையைத் தொடங்குவது ஆகியவற்றை வேலை கொடுப்பவர்களால் செய்ய முடியும். கூலி பேசும்போதே இவற்றையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.